கெய்ரோவுக்கு ஒருத்தி மட்டும்

கெய்ரோ
6.12.1987

அன்புள்ள சாந்தா அக்காவுக்கு,

இதை நின்றுகொண்டு படிக்காதே. அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து படி.

இங்கே ஆஸ்பத்திரியில் எங்களைப் போல வெளியூரிலிருந்து வந்த நர்சுகளுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய்வர விமான டிக்கெட் கொடுப்பார்கள். இந்த வருஷம் என் முறை. நேற்று மதர் சுப்பீரியரிடம் போய், நான் ஊருக்குப் போகவில்லை, அந்த டிக்கெட்டில் என் அக்காவை இங்கே அழைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசித்தார்கள். பிறகு சரி என்றுவிட்டார்கள்.

ஆக, நீ வருகிறாய். மார்ச் பத்தாம் தேதி, பதினைந்து நாள். வெயில் ஏறுவதற்குள் எல்லாம் பார்த்துவிடலாம். என்ன பார்ப்பது என்று இப்போதே எழுதி வைத்திருக்கிறேன். முதல் நாள் எதுவும் வேண்டாம், நீ தூங்கு. இரண்டாம் நாள் நைல் ஆற்றில் படகு. மியூசியத்துக்கு ஒரு முழு நாள் வேண்டும். பிரமிடுக்கு டவுன் பஸ்ஸிலேயே போகலாம் என்றால் நம்புவாயா? வாசனைத் திரவியம் மட்டுமே விற்கிற ஒரு சந்து இருக்கிறது, அங்கே போய்வந்தால் மூன்று நாளைக்குச் சேலையில் மணக்கும். அப்புறம் பழைய கெய்ரோ. கோவிலில் கிறிஸ்துமஸ் குடிலைப் பிரிக்கும்போது, "இவங்க இங்கிருந்து எங்கம்மா போனாங்க?" என்று நீ அம்மாவைக் கேட்பாயே, அந்த இடம். ஏரோது ராஜாவுக்குப் பயந்து மாதாவும் சூசையப்பரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து தங்கியதாகச் சொல்கிற நிலவறை, ஒரு பழைய கோவிலுக்கு அடியில் இருக்கிறது. தரைக்கடியில் ஓடுகிற புது ரயில் அந்த வாசலுக்கே போகிறது.

அப்பாவை என்ன செய்வது என்று கேட்பாய். யோசித்துவிட்டேன். பதினைந்து நாள்தானே. ஜேசுதாஸ் அண்ணன் வீட்டில் விடலாம். இல்லையென்றால் சேலத்தில் சிஸ்டர்கள் நடத்துகிற முதியோர் இல்லத்தில் கொஞ்ச நாளைக்கு மட்டும் சேர்த்துக்கொள்வார்களாம். பெரியப்பா மகன் இருக்கும்போது நமக்கென்ன கவலை.

உன் வயது முப்பத்தாறு. சேலத்தைத் தாண்டி நீ போன ஊர் ஒன்றைச் சொல் பார்க்கலாம்.

உன் தங்கை,
தேவகுமாரி


நாகலூர்
22.12.87

தேவி,

காயிதம் நாலு நாளைக்கு முன்னாடி வந்துச்சு. நின்னுக்கிட்டுதான் படிச்சேன். உக்காந்தா அப்பா கூப்புடுவாரு.

மார்ச்சு பத்தாந்தேதின்னு எழுதியிருக்கே. அன்னிக்குக் காலையில அஞ்சு மணிக்கு அவரத் திருப்பிப் படுக்க வெக்கறது யாரு? ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பலீன்னா முதுகு புண்ணாயிரும். நீ நர்சு, உனக்கு நான் சொல்லணுமா. வலது பக்கம் கை காலு வராது. பேச்சும் வராது, வாயில நாலஞ்சு சத்தம்தான் வருது. அதுல எது தண்ணி, எது மூத்தரம்னு எனக்குத் தெரியும். ஜேசுதாஸ் அண்ணன் ஊட்டுல யாருக்குத் தெரியும்? அண்ணி நல்லவங்கதான். இதுக்கு நல்லவங்களா இருந்தாப் பத்தாது.

காலையில மட்டும் சின்னத்தாயி எஸ்டேட் வேலைக்குப் போற வழியில வந்து தூக்கறதுக்கு ஒரு கை குடுப்பா. மத்ததெல்லாம் நான் ஒருத்தி.

டிக்கெட்ட எனக்குக் குடுக்கறேன்னு சொல்ற. நீ வர்றதுக்குக் குடுத்த டிக்கெட்டு அது. அப்பா பக்கவாதத்துல விழுந்த வருசம் எட்டு நாள்னு வந்துட்டு ஆறாம் நாளே ஆஸ்பத்திரியில கூப்புட்டாங்கன்னு கெளம்பிப் போன. அதுக்கப்பறம் ரெண்டரை வருசம் ஆச்சு. நான் அங்க வந்து என்னத்தப் பாக்கப் போறேன். நீ இங்க வந்து அவரப் பாரு.

இந்தத் தடவ குடில் ஜோடிக்கல. வெச்சா அப்பா பாத்துப் பாத்து அழறாரு.

சாந்தாமேரி


கெய்ரோ
8.1.1988

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் எதுவும் எழுதாமல் இருந்தேன். ஆறினால் எழுதலாம் என்று. ஆறவில்லை.

உன்னைக் கேட்டுக்கொண்டிருந்தால் எதுவும் நடக்காது. அதனால் டிசம்பரிலேயே நானே முதியோர் இல்லத்து சிஸ்டருக்கு எழுதி, அவர்கள் சரி என்று பதிலும் போட்டுவிட்டார்கள். அப்பாவைத் திருப்ப, குளிப்பாட்ட, சாப்பாடு கொடுக்க மூன்று பேர் இருக்கிறார்கள். முதலில் ஒருநாள் அவரைக் கூட்டிப்போய் இடத்தைக் காட்டும்படி ஜேசுதாஸ் அண்ணனுக்கும் எழுதியிருக்கிறேன். ஜீப் எடுத்துக்கொண்டு வருவார். தடுக்காதே.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள். அப்பாவுக்கு எது தண்ணீர், எது வேறு என்று உனக்கு மட்டும்தான் தெரியும் என்று எழுதியிருக்கிறாய். அதை வேறு யாருக்காவது சொல்லிக்கொடுத்தாயா? சொல்லிக்கொடுத்துவிட்டால் உனக்கு என்ன மிச்சம் என்று பயமா? நான் வார்டில் தினமும் பார்க்கிறேன். நோயாளியைவிடக் கூட இருக்கிறவர்கள்தான் கட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

பாஸ்போர்ட் ஃபாரம் சேலத்தில் டிராவல்ஸ்காரர்களிடம் கிடைக்கும். வாங்கி நிரப்பு.

தேவி


நாகலூர்
27.1.88

தேவகுமாரிக்கு,

நீ சொன்ன மாதிரியே போன செவ்வாக்கெழம ஜேசுதாஸ் அண்ணன் ஜீப்பக் கொண்டாந்து நிறுத்துனாரு. எந்த நாளுன்னு எனக்கு ஒரு வார்த்த முன்னாடி தெரியாது. நான் தண்ணிக்குப் போயிருந்தேன்.

அண்ணன் அப்பாகிட்ட, "சித்தப்பா, சேலம் போயி நல்ல எடம் ஒண்ணு பாத்துட்டு வரலாமுங்க" அப்படின்னாராம். துணிப்பையில ரெண்டு வேட்டிய எடுத்து வெச்சாராம். அப்பாவுக்குப் பேச்சுதான் இல்ல, பை தெரியும். நான் கொடத்தோட வர்றேன், அண்ணனும் டிரைவரும் அவர நாற்காலியோட தூக்கிக்கிட்டு வாசப்படியில நிக்கறாங்க. அப்பா இடது கையால கதவு நெலவப் புடிச்சுக்கிட்டாரு. உடல. "விடுங்க சித்தப்பா, விடுங்க"ங்கறாரு அண்ணன். இழுத்ததுல நாற்காலி சாஞ்சு மொகம் படியில அடிச்சுச்சு. புருவத்துல நாலு தையல். முன்பல்லு ஒண்ணு போச்சு.

அண்ணன் மேல தப்பில்ல. நீ எழுதுன காயிதத்த வெச்சுக்கிட்டு அந்த மனுசன் அழுதாரு.

இப்ப அப்பா நான் கெணத்துக்குப் போனாக்கூட கத்தறாரு. கட்டலுக்குக் கீழ பை ஏதாவது இருக்கான்னு எட்டி எட்டிப் பாக்கறாரு. அவர ஊட்ட உட்டுத் தொலைக்கறோம்னு நெனச்சுக்கிட்டாரு.

நான் கட்டல இறுக்கிப் புடிச்சிருக்கேனா? எஸ்டேட் பிள்ளைக்காப்பகத்துல பத்தொம்பது கொழந்தைங்க என்னைய டீச்சர்னு கூப்புட்டுக்கிட்டிருந்துச்சு. அப்பா விழுந்த மறுநாளு அந்தச் சாவியக் குடுத்துட்டு வந்தேன். எனக்கு அந்த வேல நொம்பப் புடிக்கும். அதப் பத்தி நீ இன்னி வரைக்கும் ஒரு வரி கேட்டதில்ல.

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோ. ஃபாரம் வாங்கி நெரப்புன்னு புத்தி சொல்லியிருக்கே. டிசம்பர் இருபத்தொண்ணாந்தேதியே நெரப்பி திருச்சி பாஸ்போர்ட் ஆபீசுக்கு அனுப்பிட்டேன். உனக்கு மொத காயிதம் எழுதறதுக்கு மொத நாளு. போன வாரம் போலீசுக்காரர் வந்து விசாரிச்சுட்டுப் போனாரு. எனக்கு ஆசையில்லன்னு நெனச்சியா?

இனிமே எனக்கு எழுதாத.

சாந்தாமேரி


கெய்ரோ
9.2.1988

அக்கா,

எழுதாதே என்று சொல்லியிருக்கிறாய். இதை மட்டும் படித்துவிடு.

அப்பாவின் புருவத்துத் தையலைப் பிரித்தாகிவிட்டதா? சீழ் இல்லையே? அந்த நாற்காலியை நினைத்து எத்தனை நாள் தூங்கவில்லை என்று எழுதி உன்னிடம் இரக்கம் வாங்க எனக்கு யோக்கியதை இல்லை.

நான் ஏன் ஊருக்கு வருவதில்லை என்று நீ நேராக ஒருமுறையும் கேட்டதில்லை. கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அப்பா விழுந்த வருஷம் ஆஸ்பத்திரியிலிருந்து என்னை யாரும் கூப்பிடவில்லை. பொய்.

ஐந்தாம் நாள் நீ கடைக்குப் போயிருந்தாய். அப்பா துணியை நனைத்துவிட்டார். நான் வெந்நீர் எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். வேட்டியைத் தளர்த்தினேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. எத்தனையோ பேருக்கு இந்தக் கையால் செய்திருக்கிறேன் அக்கா. அன்றைக்கு வரவில்லை. போர்வையை இழுத்து மூடிவிட்டு வெளியே போய் நின்றேன். நீ வரும்வரை அவர் ஈரத்திலேயே கிடந்தார். நீ ஒன்றும் கேட்காமல் மாற்றினாய். மறுநாள் பஸ் ஏறிவிட்டேன்.

உன்னை இங்கே வரவைத்து, நாலு இடம் காட்டி, நல்ல சேலை வாங்கிக் கொடுத்துவிட்டால் அந்த நாளுக்கு ஈடாகும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. அதனால்தான் அத்தனை திட்டம்.

தேவி


நாகலூர்
25.2.88

தேவி,

தையலு பிரிச்சாச்சு. சீழ் இல்ல.

பாஸ்போர்ட்டு நேத்து ரெஜிஸ்தர் தபால்ல வந்துச்சு. போட்டோல என் மொகத்துல கோவம் நல்லாத் தெரியுது. ஸ்டுடியோக்காரரு சிரிக்கச் சொன்னதா ஞாபகம்.

நான் கெய்ரோவுக்கு வர்றேன். ஆனா நீ அங்க இருக்கக் கூடாது.

நல்லாப் படி. உனக்கு மொத்தமா அறுபது நாளு லீவு சேந்திருக்குன்னு ஒருக்கா எழுதியிருந்த. அத்தனையும் எடு. உனக்குன்னு குடுத்த டிக்கெட்டுல நீ இங்க வா. எனக்குத் தனியா ஒரு டிக்கெட்டு வாங்கு, நீ வாங்கறேன்னு சொன்ன சேலையெல்லாம் வேண்டாம். பதினஞ்சு நாளு எனக்குப் பத்தாது. ஆறு வாரம். நான் உன் ரூமுல இருந்துக்கறேன், நீ என் ஊட்டுல இரு.

நாம ரெண்டு பேரும் சேந்து சுத்திப் பாக்கணும்னு நீ நெனச்சது தெரியும். நீ பக்கத்துல இருந்தா நீ சாப்புட்டியா, உனக்குக் கால் வலிக்குதான்னு பாத்துக்கிட்டேதான் இருப்பேன். எனக்கு அது பழகிப்போச்சு. யாரையும் பாத்துக்காத எடம் ஒண்ணு எனக்கு வேணும்.

அப்பாவ எந்த ஊட்டுக்கும் கொண்டுபோக வேண்டாம். அவரு கட்டல்லயே இருக்கட்டும். ஆளு மட்டும் மாறட்டும். வெளியாளு இல்ல, மகதான்.

நீ அந்த அஞ்சாம் நாளப் பத்தி எழுதியிருக்கே. எனக்கு அன்னிக்கே தெரியும். வெந்நி சொம்பு ஆறிப்போய் அங்கயே இருந்துச்சு.

முடியாதுன்னா முடியாதுன்னு எழுது. நான் வேற கேக்க மாட்டேன். இதுக்கு மேல ஒண்ணும் பேசவும் மாட்டேன்.

சாந்தா


கெய்ரோ
9.3.1988

அக்கா,

முடியாது என்றுதான் முதலில் எழுதினேன். அதைக் கிழித்துவிட்டேன்.

நீ கேட்டது எனக்குப் பயமாக இருக்கிறது. ஆறு வாரம். அப்பா என் கையால் சாப்பிடுவாரா என்றுகூடத் தெரியாது. ஆனால் வேண்டாம் என்று சொல்ல எந்த வாயும் எனக்கு இல்லை.

ஏப்ரல் பதினேழாம் தேதி ஊருக்கு வந்து சேருகிறேன். நீ பத்தொன்பதாம் தேதி கிளம்பு. நடுவில் இரண்டு நாளில் எனக்கு எல்லாம் காட்டிவிடு. மெட்ராஸ் ஏஜெண்ட் விசாவோடு டிக்கெட்டைக் கொண்டுவந்து ஜேசுதாஸ் அண்ணனிடம் கொடுப்பார். அவரே உன்னை விமானம் ஏற்றிவிடுவார். நீ வருகிற நேரம் இங்கே ரம்ஜான் நோன்பு. பகலில் ஓட்டல்கள் பாதி மூடியிருக்கும், பையில் ரொட்டி வைத்துக்கொள். என் ரூம் மாடியில், தொண்ணூற்றிரண்டு படி. சாவி சிஸ்டர் மார்த்தாவிடம் இருக்கும்.

திட்டம் எழுதிய தாளையும் வைக்கிறேன். பிடித்தால் பார்.

தேவி


நாகலூர்
28.4.1988

அக்கா,

நீ பஸ் ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்ப்பாய் என்று நின்றுகொண்டிருந்தேன். நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராக ரோட்டைப் பார்த்தாய். அதைத் தப்பென்று சொல்லவில்லை.

அப்பா நாலு நாள் என் கையால் எதுவும் சாப்பிடவில்லை. கஞ்சியைக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்வார். இரண்டாம் நாள் என் கையைக் கடித்தார், பழுத்துவிட்டது. உன் முழங்கையிலும் அதே மாதிரி தழும்பு பார்த்தேனே, சூடு பட்டது என்றாய். சின்னத்தாயிதான் ஐந்தாம் நாள் வந்து, அப்பா எஸ்டேட்டில் கணக்கு எழுதின காலத்தில் கூப்பிட்ட மாதிரியே, "ஏனுங்க ரைட்டரய்யா, சாந்தாம்மா திலும்பி வரும்போது நீங்க துரும்பாட்டம் கெடந்தா இந்தப் புள்ளயத்தானுங்க திட்டும்" என்று சொன்னாள். சிறிது நேரம் கழித்து வாயைத் திறந்தார். எனக்காக இல்லை, உன்னிடம் நான் திட்டு வாங்கக் கூடாது என்று. அதுவே போதும்.

இரண்டு நாளில் எல்லாம் காட்டினாய். மாத்திரை, எண்ணெய், எந்தப் பக்கம் எத்தனை நேரம். ஒன்றை மட்டும் காட்டவில்லை. நீ போன முதல் ராத்திரி அவர் இடது கையால் ஒரு கயிற்றை என் பக்கம் நீட்டினார். பழைய சேலைக் கரையில் முறுக்கிய கயிறு. ஒரு முனை அவர் கையில், இன்னொரு முனையில் வளையல் அளவுக்கு ஒரு சுருக்கு. கொஞ்ச நேரம் புரியவில்லை. புரிந்ததும் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு படுத்தேன். ஏழு தடவை இழுத்தார். மூன்று வருஷமாக நீ இப்படித்தான் படுத்தாயா? ஆஸ்பத்திரியில் எங்களுக்கு எட்டு மணி நேரம் முடிந்தால் வேறு ஆள் வருவாள்.

துணி மாற்றும்போது இப்போதும் சுவரைத்தான் பார்க்கிறார். நான் வெளியே போவதில்லை.

தேவி


கெய்ரோ
30.4.88

தேவி,

மூணு நாளு தூங்குனேன். நாலாம் நாளு சிஸ்டர் மார்த்தா உசுரோட இருக்கேனான்னு கதவத் தட்டுனாங்க. அவங்க பேசறது எனக்குப் புரியல, நான் பேசறது அவங்களுக்குப் புரியல. ரெண்டு பேரும் தலைய ஆட்டிக்கிட்டோம்.

உன் ரூமு எப்படியோ இருக்கும்னு நெனச்சிருந்தேன். மாடியில தகரக் கூரைக்குக் கீழ ஒரு கட்டலு, எதுத்தாப்புல யாரோ புறாக் கூண்டு வெச்சிருக்காங்க. அலமாரியில ஒரு தட்டு, ஒரு டம்ளரு, ஒரு கரண்டி. ரெண்டாவது தட்டு எங்கயும் இல்ல. அதப் பாத்ததும் உன் மேல இருந்த கோவத்துல பாதி போச்சு. மீதி இருக்கு.

நீ எழுதுன திட்டத்த எடுத்து வெச்சுக்கிட்டு ரெண்டு நாளு பயந்துகிட்டே உக்காந்திருந்தேன். ஆறாம் நாளு கெளம்பிட்டேன். தரைக்கடி ரயில்ல ஏறி, நீ எழுதிக் குடுத்த பேரக் காட்டிக் காட்டி, மார் கிர்கிஸ் ஸ்டேஷன்ல எறங்குனேன். மாதா தங்குன நெலவறையில தண்ணி ஊறி நிக்குதாம், எறங்க உடல. படிக்கு மேல நின்னு எட்டிப் பாத்தேன். இருட்டா இருந்துச்சு, தண்ணி மட்டும் மினுங்குச்சு. ஒரு கைக்கொழந்தையத் தூக்கிக்கிட்டு ராவோட ராவா ஊர உட்டு வந்தவங்க, இங்க வந்து மொதல்ல என்ன செஞ்சிருப்பாங்கன்னு நெனச்சேன். தூங்கியிருப்பாங்க.

வெளிய வந்து நடந்ததுல வழி தப்பிப்போச்சு. எந்தத் தெருவும் இன்னொண்ணு மாதிரியே இருந்துச்சு. பொழுது எறங்கற நேரம் பீரங்கி வெடிச்சுச்சு, நான் செவத்தோட ஒட்டிக்கிட்டேன். நோன்பு முடிஞ்சதுக்கு அடையாளமாம். தெருவுலயே நீளமா மேஜை போட்டு போற வர்றவங்களுக்கெல்லாம் சோறு போடறாங்க. ஒரு அம்மா, கறுப்புத் துணி போத்தியிருந்தாங்க, என் கையப் புடிச்சு இழுத்து உக்கார வெச்சாங்க. நான் கழுத்துல இருக்கற சிலுவையக் காட்டுனேன். அவங்க தலைய ஆட்டிட்டு பயறும் ரொட்டியும் முன்னாடி வெச்சாங்க. நான் திங்கற வரைக்கும் பக்கத்துலயே நின்னாங்க. எனக்கு இன்னொருத்தரு சோறு போட்டு எத்தன வருசமாச்சுன்னு எண்ணிப் பாத்தேன். எண்ணறதுலயே ரொட்டிய மெல்லாம முழுங்கிட்டேன். அந்த அம்மா விக்கல்னு நெனச்சுத் தண்ணி குடுத்தாங்க.

ரூமுக்கு வந்து படுத்தப்பறம்தான் தெரிஞ்சுது. அன்னிக்கு முழுசும் நான் அப்பாவ நெனைக்கவே இல்ல. அதுக்காக அழலாம்னு பாத்தேன். தூக்கம் வந்துருச்சு.

சாந்தா


நாகலூர்
10.5.1988

அக்கா,

இதைப் படிக்குமுன் தெரிந்துகொள். அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். இதை எழுதும்போது பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்து என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டாம் தேதி காலையில் அவசரத்தில் தலையணையைச் சரியாக உயர்த்தாமல் கஞ்சி கொடுத்துவிட்டேன். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதல் நாளே சொல்லித்தருகிற பாடம் அது. புரையேறியது. சாயங்காலம் காய்ச்சல், மறுநாள் நூற்றிநாலு. மார்பில் காதை வைத்தால் வலது பக்கம் கரகரவென்று சத்தம். ஜேசுதாஸ் அண்ணன் ஜீப்பில்தான் ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஜீப்பைப் பார்த்ததும் அவர் மறுபடியும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். நான் அவர் பக்கத்தில் போய், "அப்பா, நானும் கூடத்தான் வர்றேன், நானேதான் திருப்பிக் கூட்டியாருவேன்" என்றேன். விட்டுவிட்டார்.

டாக்டர் வராந்தாவுக்கு என்னை அழைத்து, "இன்னும் ரெண்டு நாளு தாண்டணுமுங்க. இன்னொரு மக வெளிநாட்டுல இருக்கறதாச் சொன்னாங்க. சொல்லி உட்ருங்க" என்றார். அண்ணன் உடனே தந்தி ஆபீசுக்குக் கிளம்பினார். நான் பின்னாலேயே ஓடினேன். ஃபாரத்தில் பாதி எழுதியிருந்தார்.

"வேண்டாங்ண்ணா" என்றேன்.

"ஏதாச்சும் ஆயிட்டா சாந்தா மொகத்துல எப்படி முழிக்கறது, தேவி? அப்பன் மொகத்தப் பாக்க உடாமப் பண்ணிட்டியேன்னு கேப்பா."

"கேக்கட்டுமுங்க. என்னையக் கேக்கட்டும். நீங்க எழுதுனீங்க, நான் தடுத்தேன்னு சொல்லிருங்க."

ஃபாரத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன். இந்தக் கடிதத்தோடு அதையும் அனுப்பியிருக்கிறேன்.

உனக்காகத்தான் செய்தேன் என்று சொல்ல எனக்கு ஆசை. தந்தி வந்தால் நீ அடுத்த விமானத்தில் வந்துவிடுவாய், அதற்குப் பிறகு உயிருள்ளவரை இந்த வாசலைத் தாண்ட மாட்டாய் என்று நினைத்தது நிஜம். ஆனால் என் தப்பால் வந்த காய்ச்சல், நீ வருவதற்குள் நானே சரிசெய்துவிட வேண்டும் என்ற வெட்கமும் இருந்தது. எது எத்தனை பங்கு என்று எனக்கே தெரியவில்லை. மூன்று நாளும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, போய்விடாதீர்கள் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். உனக்காகவா எனக்காகவா என்று அவருக்கும் தெரிந்திருக்காது. ஆறாம் தேதி காய்ச்சல் இறங்கியது. எட்டாம் தேதி வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

தேவி


கெய்ரோ
20.5.88

தேவி,

காயிதம் இன்னிக்குக் காலையில வந்துச்சு. தந்தி ஃபாரத்துல அண்ணன் கையெழுத்தப் பாத்ததும் படிக்கட்டுலயே உக்காந்துட்டேன். "அப்பா சீரியஸ்" வரைக்கும் எழுதியிருக்காரு.

உன்னையக் கண்டபடி திட்டிக்கிட்டே பொட்டியக் கட்டுனேன். டிக்கெட்ட எடுத்துக்கிட்டு விமானக் கம்பெனி ஆபீசுக்குப் போனேன். நாளைக்கே எடம் வேணும்னு கேக்கறதுக்கு. வரிசையில எனக்கு முன்னாடி பதினோரு பேரு. நின்னு நின்னு உன் காயிதத்த மறுபடியும் படிச்சேன். எட்டாந்தேதியே ஊட்டுக்கு வந்துட்டாருன்னு எழுதியிருக்கே. இன்னிக்கு இருபது. இந்தப் பன்னண்டு நாளும் நான் இங்க படகுல போயிக்கிட்டு, சந்தையில வேடிக்க பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். அவரு மூச்சுக்குத் தவிச்ச நாள்ல நான் பிரமிடு பாக்கப் போயிருந்தேன். தேதியப் போட்டுப் பாத்தேன், அதே நாளுதான். அத நான் எந்தக் காலத்துலயும் மறக்கப் போறதில்ல. அதுக்கு நீதான் காரணம்.

என் மொற வந்துச்சு. அந்தப் பொண்ணு இங்கிலீசுல எந்தத் தேதின்னு கேட்டுச்சு. நான் உன் காயிதத்த மடிச்சுப் பையில வெச்சேன். மறுபடியும் கேட்டுச்சு. ஜூன் ரெண்டுன்னு சொன்னேன். டிக்கெட்டத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, அதே தேதிதானே இதுல போட்டிருக்குன்னு சிரிச்சுது. ஆமான்னுட்டு வெளிய வந்துட்டேன்.

நீ செஞ்சது சரின்னு நான் சொல்ல மாட்டேன். அப்பா போயிருந்தா உன் மொகத்துல முழிச்சிருக்க மாட்டேன், அது சத்தியம். இன்னொருக்கா இப்படி வந்தா தந்தி குடுத்துரு. வர்றதா வேண்டாமான்னு நான் முடிவு பண்ணிக்கறேன். எனக்குப் பதிலா நீ முடிவு பண்ணாத. டிசம்பர்ல இருந்து நீ அதத்தான் பண்ணிக்கிட்டிருக்க.

ஆனா ஒண்ணு. அவரு உன் வார்த்தையக் கேட்டு நெலவ உட்டாருன்னு எழுதியிருக்கியே, அந்த எடத்த மட்டும் நாலு தடவ படிச்சேன்.

நாலாந்தேதி மத்தியானம் மூணு மணி பஸ்ஸுல நாகலூர் வந்து எறங்குவேன். யாரும் வந்து நிக்க வேண்டாம், எனக்கு இப்பத் தனியா வரத் தெரியும். நீ ஒம்பதாந்தேதி கெளம்பற. நடுவுல அஞ்சு நாளு இருக்கு. முன்ன மாதிரி ஆஸ்பத்திரியில கூப்புட்டாங்கன்னு சொல்லிக்கிட்டு ஓடிராத. பேச வேண்டியதெல்லாம் சேத்து வெச்சிருக்கேன், ஒண்ணும் கொறைக்க மாட்டேன். நீயும் எங்கிட்டக் கேக்க வேண்டியது இருக்கும், கேளு. ராத்திரிக்கு ஆளுக்கு ஒரு நாளு கயித்த மாட்டிக்கலாம்.

காப்பகத்துல எடம் இருக்கான்னு எஸ்டேட் மேனேஜருக்கு இங்கிருந்தே எழுதிப் போட்டுட்டேன். காலையில மட்டும். அந்த நேரத்துக்கு அப்பாகிட்ட யார உடறதுன்னு அஞ்சு நாள்ல பேசி முடிவு பண்ணணும். சின்னத்தாயிக்கு எது தண்ணி, எது மூத்தரம்னு இப்பவே சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சுரு.

அப்புறம் அடுத்த லீவும் நீ ஊருக்குத்தான் வரணும். ஆறு வாரம். அப்ப நான் எங்க போவேன்னு எனக்கே இன்னும் தெரியல. ஆனா போவேன்.

சாந்தாமேரி